ஒரே அறையில் இரண்டு துண்டுகள்

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் போய் நின்றது கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு அதே மத்திய அரசு அலுவலகத்தில் நான் ஆலோசகராக உட்கார்ந்ததுகூட அவர்களாகக் கூப்பிட்டதால்தான்.

டெல்லி அரசு அலுவலகங்களில் அதிகாரியின் நாற்காலி முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கும். அது வியர்வை துடைக்க அல்ல. உட்காருகிறவர் இன்னார் என்பதை அவர் இல்லாதபோதும் சொல்வதற்கு. அண்டர் செக்ரட்டரியாக இருந்த எனக்குத் துண்டு இருந்தது. ஆலோசகரான பிறகும் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

என் கீழ் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவர் ஜோதிலிங்கம், திருநெல்வேலிக்காரர். அவரும் ஓய்வு பெற்று ஆலோசகராக என் அறைக்கே, எதிர் மேஜைக்கே வந்து சேர்ந்தார். வந்த வாரமே தம் நாற்காலியில் ஒரு துண்டு போட்டார். என்னுடையதைவிடச் சற்றுப் பெரியது. அதோடு, 'சார்' என்று அழைப்பதையும் விட்டுவிட்டார்.

நான் நிர்வாகப் பிரிவுக்குக் குறிப்பு எழுதினேன். ஆலோசகர்கள் எவருக்கும் துண்டுக்கு விதியில்லை என்று பதில் வந்தது. பதிலின் நகல் ஜோதிலிங்கத்துக்கும் போயிற்று. இருவரும் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டோம். துண்டை இருவருமே எடுக்கவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்குள் நேர்ப் பேச்சு இல்லை. பியூன் ராம்பால் வழியாக, ஹிந்தியில்தான் எல்லாம். "மிஸ்டர் வெங்கடேஸ்வரனிடம் அந்தக் கோப்பைக் கேள்" என்பார் அவர், நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே. ராம்பால் பாதி அறை நடந்து வந்து அதையே என்னிடம் திருப்பிச் சொல்வான். இரண்டு தமிழர்கள் ஹிந்தியில் பகைமை பாராட்டுவதை அவன் தேசிய ஒருமைப்பாடாக எடுத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

இடையில் பணியிட நல்லுறவுக்கென்று ஒரு பயிலரங்கு நடந்தது. குர்கானிலிருந்து ஸ்நேகா என்று ஒரு பெண் வந்து, பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னாள். அவருடைய கையெழுத்து தெளிவாக இருக்கும் என்றேன். இவர் நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுவார் என்றார் அவர். அந்தப் பெண் கைதட்டினாள்.

இப்படியே காலம் போயிருக்கும். அதற்குள் என் மகள் வைஷ்ணவிக்கு ஒரு வரன் வந்தது. பையன் சுந்தரேஷ், புசா ரோடு குடும்பம், நல்ல உத்தியோகம். வைஷ்ணவிக்குப் பிடித்திருந்தது. இதற்கு முன் வந்த இரண்டு வரன்களை நான்தான் திருப்பி அனுப்பினேன். ஒருவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. இன்னொருவர் பெண்ணின் சம்பளச் சீட்டைக் கேட்டார். "இதுவும் தட்டிப்போச்சுன்னா, அப்புறம் அவ யாரையும் பார்க்க மாட்டேன்னு சொல்லிட்டா" என்றாள் என் மனைவி அனந்தலக்ஷ்மி.

சம்பந்தம் பேசுமுன் பெண்ணின் தகப்பனைப் பற்றி அலுவலகத்தில் விசாரிப்பது இங்குள்ள நம்மவர்களின் வழக்கம். அதுவும் ஆள் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் விசாரிப்பார்கள். என் தகப்பனாரின் திதிக்கு நான் விடுப்பு எடுத்துத் திரும்பிய அன்று ராம்பால் மகிழ்ச்சியோடு ஒரு செய்தி சொன்னான். மதராசி சாகிப் இருவர் வந்தார்களாம். ஒரு தமிழரைக் கேட்டார்களாம். ஜோதிலிங்கம் சாரிடம் வெகுநேரம் பேசினார்களாம். டீ, சமோசாகூட வாங்கிவரச் சொன்னாராம்.

என் மகளின் வாழ்க்கை அந்தத் துண்டுக்காரர் வாயில் இருந்திருக்கிறது.

என்ன சொன்னார் என்று கேட்டுவிடும்படி அனந்தலக்ஷ்மி மன்றாடினாள். நான் ஒரு வாரம் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. ராம்பால் வழியாகக் கேட்கும் விஷயமும் அல்ல அது.

ஞாயிற்றுக்கிழமை பையனின் தாயார் கோமளா தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, உங்க ஆபீஸ்ல விசாரிச்சோம். தப்பா நினைச்சுக்கப்படாது. நீங்க ரொம்ப விட்டுக்கொடுத்துப் போறவராம். யார் என்ன சொன்னாலும் கோபமே வராதாமே. எங்களுக்கு அதுதான் முக்கியம்."

பிறகு தன் சின்னச் சின்ன ஆசைகளைச் சொன்னாள். கல்யாணம் மே மாதத்தில். சமையல் அவர்கள் சொல்லும் ஆள். நிச்சயதார்த்தம் எங்கள் மயூர் விஹாரில் அல்ல, அவர்கள் வீட்டில். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அனந்தலக்ஷ்மி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவோரம் வைஷ்ணவி நின்றாள்.

"அதுக்கென்ன, பேஷா பண்ணிடலாம்" என்றேன். என் குரல்தான்.

மறுநாள் ராம்பாலை வெளியே அனுப்பிவிட்டுத் தமிழில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீர்?"

ஜோதிலிங்கம் பேனாவை மூடினார். "வேற என்ன சொல்லணுங்கிய, அண்ணாச்சி? உள்ளதைச் சொல்லியிருந்தா உங்க மக வீட்டோடதான் இருந்திருப்பா."

"உம்மிடம் நான் உதவி கேட்கவில்லை."

"உதவியா? எனக்கும் ஒரு மக இருக்கால்லா, பிரபா. அவளுக்கும் பேசிக்கிட்டிருக்கு. என்னைப் பத்தி விசாரிக்கவும் இந்த ரூமுக்குத்தான் வருவாவ. அன்னைக்கு நான் லீவுல இருப்பேன். நீங்க இருப்பிய."

இருவரும் கோப்புகளைப் பார்த்தோம்.

வைஷ்ணவியின் கல்யாணம் மே மாத வெயிலில், அவர்கள் சமையலோடு, குறைவில்லாமல் நடந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சாது மனிதர் என்று சம்பந்தி வீட்டில் எனக்குப் பெயர். மேடைக்கு வந்து அதைக் கேட்டு நின்ற ஜோதிலிங்கம் அட்சதையைச் சற்று அதிகமாகவே போட்டார்.

மழைக்காலத்தில் அவர் விடுப்பில் போனார். அன்றே பிற்பகல் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர் இருவர் அறை வாசலில் நின்று, தமிழர் யாராவது உண்டா என்று ராம்பாலிடம் கேட்டார்கள். அவர்களை ஒரு நிமிடம் வெளியே இருக்கச் சொன்னேன். பிறகு உள்ளே அழைத்து, டீயும் சமோசாவும் வரவழைத்தேன்.

ஜோதிலிங்கம் தங்கமான மனிதர் என்றேன். பெரியவர்களுக்குக் கட்டுப்பட்டவர். தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவே தெரியாது. "அதோ பாருங்கள் அவர் நாற்காலியை. எத்தனையோ சொல்லிப் பார்த்தோம், ஒரு துண்டு போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்."

அவர்கள் வெறும் நாற்காலியை மரியாதையோடு பார்த்தார்கள். மாப்பிள்ளைப் பையன் அடிக்கடி இந்த அறைக்கே வந்து மாமனாரை நேரில் பார்த்துப் போவான் என்றும் சொன்னார்கள். மிகவும் நல்லது என்றேன்.

மறுநாள் ஜோதிலிங்கம் வந்தார். நாற்காலியைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். மேஜை இழுப்பறையைத் திறந்து, மடித்து வைத்திருந்த துண்டை அவரிடம் கொடுத்தேன். அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உங்களது மட்டும் அங்ஙனயே கெடக்கே, அண்ணாச்சி?"

இந்த அறையில் ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்றேன்.