மேற்கு கேலரியின் மேல்வரிசை

எனக்குப் பயம் அதிகம். எங்கள் ஊர் கொடக்காப்பறம்பில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஸ்டூல் மேல் ஏறினால் தலை சுற்றும். மின்னல் வெட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். ஆனால் அறுவடை முடிந்த வயலில் செவன்ஸ் கால்பந்து ஆட்டம் தொடங்கிவிட்டால் என்னை வீட்டில் பிடித்துவைக்க யாராலும் முடியாது. பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன மைதானம். கண்ணைச் சிமிட்டினால் ஒரு கோல் போயிருக்கும்.

என் வீட்டுக்காரர் பீரானுக்குப் பைத்தியம் என்னைவிட ஒரு படி கூட. மேற்கு கேலரியின் மேல்வரிசையில், இடது ஓரம் அவர் இடம். இந்த வருஷம் முதல் ஆட்டத்தில் தற்செயலாக அங்கே உட்கார்ந்தார், எங்கள் பிரதர்ஸ் அணி ஜெயித்தது. அடுத்த ஆட்டமும் அங்கேயே, அதுவும் ஜெயம். அப்புறம் அது சட்டமாகிவிட்டது. கடைசி விசில் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். ஒன்றுக்குக் கூடப் போக மாட்டார். நான் சிரித்தால் கோபம் வரும்.

"சிரிக்காத நபீசு. நான் எழுந்தா தோத்துருவோம். எழுதி வச்சுக்கோ."

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் மாசி மாதத்தில் மழை கொட்டியது. மைதானத்தை மண்ணடித்துச் சரி செய்துவிட்டார்கள். கேலரியின் கால்களை யாரும் பார்க்கவில்லை. கமுகு மரத்தைக் கயிற்றால் கட்டி எழுப்பியதுதான் கேலரி. கால்கள் எல்லாம் வயலில் ஊன்றியவை. பெண்களுக்கான நாற்காலிகள் அதன் இடது ஓரத்தில். அதனால் அந்தக் கால்கள் என் கண்ணெதிரே இருந்தன.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. பெனால்டி. ரெஃபரி காசைச் சுண்டினார், மேற்கு கோல்போஸ்ட்டில் அடிப்பது என்று முடிவானது.

அவ்வளவுதான். எங்கள் ஊரில் பெனால்டி என்றால் மூன்று பக்கத்து ஜனமும் கோலுக்குப் பின்னால் ஏறியாக வேண்டும். கோல்கீப்பரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றால்தான் அவர்களுக்குத் திருப்தி. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஓடி வந்தார்கள். உப்பிலிட்ட நெல்லிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே ஏறினார்கள். உட்கார இடமில்லை, நின்றார்கள். நின்றவர்கள் தாளம் போட்டு மிதிக்க ஆரம்பித்தார்கள்.

ஓரத்துக் கால் மண்ணுக்குள் இறங்கியதை நான் பார்த்தேன். ஒரு விரல் அளவு இருக்கும். மிதித்தார்கள், மறுபடி இறங்கியது. குறுக்கு மரத்தைக் கட்டிய கயிறு ஒரு இழை அறுந்து சுருண்டது.

பக்கத்து நாற்காலிக்காரியின் கையைப் பிடித்தேன். "அந்தக் கால் இறங்குது, பாரு."

"உங்களுக்கு எது இறங்கல நபீசுத்தா? போன வருஷம் லைட்டுக் கம்பம் சாயுதுன்னு சொன்னீங்க. அது இன்னும் நிக்குது."

அவள் சொன்னதும் சரிதான். பயந்தாங்கொள்ளியின் பேச்சை யார் கேட்பார்கள்? மேலே பார்த்தேன். பீரான் தன் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் கீழே அந்தக் கால். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மைக் வைத்திருந்த மேஜைக்கு ஓடினேன்.

அறிவிப்பாளர் உண்ணீன்தான் கமிட்டிச் செயலாளரும். முதலில் சிரித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. முகம் வெளுத்து, மைக்கை எடுக்கக் கையைத் தூக்கினார்.

"சொல்லாதீங்க இக்கா! உடையுதுன்னு சொன்னா மேல இருந்து குதிப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சே செத்துருவாங்க."

"பின்ன என்னடி செய்யச் சொல்ற? ஆயிரம் பேரு நிக்கிறானுங்க!"

எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதானே, அதனால்தான் தோன்றியிருக்கும்.

"போஸ்டை மாத்துங்க. கிழக்குப் போஸ்ட்ல அடிக்கச் சொல்லுங்க. யாரும் சொல்லாமலே இறங்கி ஓடுவாங்க."

கிழக்கே கேலரி கிடையாது. ரோட்டு மேடுதான், கெட்டி மண். உண்ணீன் ரெஃபரியின் காதில் ஏதோ சொன்னார். ரெஃபரி கேலரியை ஒரு தடவை பார்த்தார், மறு பேச்சில்லாமல் தலையாட்டினார்.

"அன்பான கால்பந்து ரசிகர்களே! மேற்கு லைட்டால அடிக்கிறவங்க கண்ணு கூசுறதால பெனால்டி கிழக்குப் போஸ்டில்! அவசரமில்ல, மேடு நிறைய இடம் இருக்கு. எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் முதல் அடி!"

அவர் குரல் நடுங்கவே இல்லை. அந்த மனுஷனுக்கு நான் கோயில் கட்ட முடியாது, பள்ளிவாசல்காரி. துவா செய்தேன்.

"உன் லைட்டுல தீ வைக்க!" "டிக்கெட் காசைக் குடுடா உண்ணீனே!" என்று திட்டிக்கொண்டே இறங்கினார்கள். ஒவ்வொரு காலடிக்கும் கமுகு முனகியது. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசி ஆளும் வயலில் இறங்கி ஓடினான். அப்போதுதான் மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சை மறுபடி இழுத்துக்கொண்டேன். மேல்வரிசையில், இடது ஓரத்தில், ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்க! கேலரி உடையப்போகுது!"

"நீ போடி! நான் எழுந்தா போச்சு!"

போன் அடித்தேன், கட் செய்தார். கிழக்கே அடி தொடங்கிவிட்டது. ஒரு ஆரவாரம், ஒரு முனகல், மறுபடி ஆரவாரம். உண்ணீனைத் திரும்பிப் பார்த்தேன், கூட்டம் அவரை விழுங்கிவிட்டிருந்தது. இந்தப் பிடிவாதக்காரனைக் கட்டிவைத்த வாப்பாவை மனசுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே முதல் மரத்தில் கால் வைத்தேன்.

கீழே பார்க்கக் கூடாது என்பார்கள். கமுகுக்கும் கமுகுக்கும் நடுவே இடைவெளி, பார்க்காமல் எப்படிக் கால் வைப்பது? தலை சுற்றியது. கையும் காலும் ஊன்றித் தவழ்ந்தேன். பாதி தூரத்தில் எனக்குக் கீழே படாரென்று ஒரு சத்தம். கேலரி முழுவதும் இடது பக்கமாக ஒரு குலுங்கு குலுங்கியது. மரத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே படுத்துவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை.

"நபீசு! பைத்தியமா உனக்கு? இறங்கு!"

"முடியல. கால் வரமாட்டேங்குது."

"கடைசி அடி. நம்ம ஷிபிலி அடிக்கிறான். போட்டா கப்பு நமக்கு. ஒரே நிமிஷம் அசையாம இரு!"

மரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கிழக்கே அத்தனை ஜனமும் ஒரு நொடியில் வாயடைத்து நின்றது. ஷிபிலி பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறான் என்று அர்த்தம்.

பீரான் எழுந்தார்.

மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மரம் மரமாகப் பின்பக்கமாக இறங்கி வந்தார். என் இடுப்பைப் பிடித்தார். "கண்ணை மூடிக்கோ. நான் சொல்ற இடத்துல காலை வை." வைத்தேன். பாதி வழியில், கிழக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜெயித்த சத்தம் இல்லை. பெரிய மூச்சு ஒன்று வெளியே போகிற மாதிரி இருந்தது. பீரானின் கை ஒரு கணம் நின்றது. அப்புறம், "இப்போ இடது கால்," என்றார்.

வயலில் கால் பட்டுக் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். பின்னால் இடது ஓரம் மடங்கி, மேல்வரிசை மண்ணில் வந்து விழுந்தது. கிழக்கே இருந்த தலைகள் எல்லாம் திரும்பின.

ஷிபிலி தவறவிட்டதால் இரண்டு பக்கமும் சமம். அடுத்த சுற்றில் எதிரணி போட்டது, எங்கள் ஆள் வெளியே அடித்தான், கோப்பையை அவர்கள் கொண்டுபோனார்கள். பீரான் வரப்பில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"நான் எழுந்ததாலதான்."

"ஆமா," என்றேன். இதில் அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, விழுந்து கிடந்த கமுகுகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் கையை எட்டிப் பிடித்து இறுக்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஊர் பார்க்க அவர் அப்படிப் பிடித்ததே இல்லை.

"ஏறி வர்றப்போ உனக்குப் பயமா இல்லையாடி?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்கு. கையை விட்டுறாதீங்க."