மேல் தண்ணீர்

வெயில் ஏறுவதற்குள் காட்டுப் பாதையை முடித்துவிட வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் கேட்டார்கள்? ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே என் அக்கா நல்லம்மாள் வந்து சேர்ந்தபோது கார்க் கண்ணாடி சுட ஆரம்பித்திருந்தது. அக்காவுக்கு வீடு பக்கத்து பிளாக்தான். ஒரு கையில் பெரிய தூக்கு, மறு கையில் நான் இரண்டு நாள் முன்பு கொடுத்து வைத்த பாட்டில்கள் இருந்த துணிப்பை.

"இதில என்னக்கா?"

"நெய்ச்சோறு, சோத்தோங் சம்பல், பொரிச்ச கோழி."

"நாம மலையேறப் போறோம், கல்யாணத்துக்கு இல்ல."

"பசிச்சா உன் விளக்கத்தையா தின்ன முடியும்? காரைத் திற."

என் மனைவி ரமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் ரூபினி சிரிக்கவில்லை. துணிப்பையை வாங்கி, உள்ளே பாட்டில்கள் உடையாமல் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளி விடுமுறையில் மற்ற பிள்ளைகள் லங்காவிக்குப் போகும்போது, அவள் ஒரு ஏரியை நினைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தாள்.

அந்த ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெலுக் பஹாங்கிலிருந்து காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் நடந்தால் கெராச்சுட் கடற்கரை. மணலுக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது. மழைக் காலத்தில் நிரம்பும், பிறகு வற்றி மணலாகிவிடும். நிரம்பியிருக்கும்போது அதில் இரண்டு தண்ணீர் இருக்கும். காட்டு ஓடைகளிலிருந்து வருவது நல்ல தண்ணீர். கடல் பொங்கும்போது உள்ளே வருவது உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் கனமானது, அதனால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கும். இரண்டும் லேசில் கலக்காது. கடையில் மூன்றடுக்குத் தேநீர் கேட்டால் அடியில் சர்க்கரைப் பாகு, நடுவில் பால், மேலே தேநீர் என்று கொண்டுவந்து வைப்பார்கள் அல்லவா? கரண்டி போடாதவரை அப்படியே நிற்கும். அதே கதைதான்.

ரூபினி அறிவியல் போட்டிக்கு எடுத்திருந்த தலைப்பு இதுதான். மேல் தண்ணீரையும் அடித் தண்ணீரையும் எடுத்து, உப்பை அளந்து, இரண்டும் வேறு என்று காட்ட வேண்டும். மே மாத மழையில் ஏரி நிரம்பியிருந்தது. தண்ணீர் எடுக்க ஆசிரியை அனுமதி வாங்கித் தந்திருந்தார். எல்லாம் கூடி வருவதற்குள் நாள் ஓடிவிட்டது. அன்று இரவுக்குள் அளவுகளைப் பதிவேற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் மாநிலச் சுற்றுக்குப் பெயர் போகாது. இரண்டு மாதமாக அவள் எழுதியது எல்லாம் வெறும் காகிதம்.

கருவிகள் என் பொறுப்பு. நான் மாக் மண்டினில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். அடித் தண்ணீர் எடுக்க ஒரு பாட்டில் செய்தேன். அது மூழ்குவதற்காக உள்ளே துருப்பிடிக்காத நட்டுகளைப் போட்டு, வாயில் தக்கை, தக்கையில் தனிக் கயிறு. ஏரியின் அடிக்கு இறக்கிவிட்டுக் கயிற்றைச் சுண்டினால் தக்கை பிடுங்கிக்கொள்ளும், அடித் தண்ணீர் உள்ளே போகும். மேலே இழுக்கும்போது பாட்டில் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் மேல் தண்ணீர் அதிகம் நுழையாது. மேல் தண்ணீருக்கு இவ்வளவு வேலை இல்லை. பழுப்பு நிறப் பாட்டில் ஒன்றை முக்கி எடுத்தால் போதும். இரண்டையும் ஆவியில் வைத்துச் சுத்தம் செய்ய அக்காவிடம் கொடுத்தேன், அவளிடம்தான் பெரிய இட்லிப் பானை இருக்கிறது.

பாதை முழுக்கப் படி, வேர், மறுபடி படி. காற்றே இல்லை. காட்டில் நிழல் இருந்தாலும் ஏன் இப்படிப் புழுங்குகிறது என்றால், இலைகள் விடுகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது, அதனால் வியர்வை காயாது. இதைச் சொன்னேன்.

"சொன்னதும் குளிர்ந்துடுச்சு," என்றாள் ரமணி.

அக்கா பத்து படிக்கு ஒரு முறை உட்கார்ந்தாள். தூக்கு என் கைக்கு வந்தது. கைப்பிடி விரலை அறுத்தது. ரூபினி எங்களை விட்டு முன்னால் போவாள், திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து நிற்பாள், மறுபடி போவாள்.

"அத்தை, கொஞ்சம் வேகமா லா. ப்ளீஸ்."

"தண்ணி எங்கடி போயிடும்?"

"தண்ணி போகாது. படகு போயிடும். நடந்து திரும்பினா எனக்கு எழுத நேரம் இருக்காது."

திரும்பிப் போக ஹக்கீமின் படகைச் சொல்லி வைத்திருந்தேன். மதியத்துக்கு மேல் அலை ஏறும், அதற்கு முன்பே கடைசிப் படகு கிளம்பிவிடும் என்று அவன் சொல்லியிருந்தான்.

ஏரியின் குறுக்கே உள்ள பாலத்தை அடைந்தபோது எனக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஏரி நிறைந்து, காட்டைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருந்தது. ரூபினி மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. பாலத்தில் முழங்காலிட்டு, அடி பாட்டிலை இறக்கினாள். கயிற்றைச் சுண்டினாள். குமிழி வரிசையாக மேலே வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு பழுப்புப் பாட்டிலைத் திறந்தாள்.

"ஒரு தடவை அலசணுமாப்பா?"

"ஆவியில வச்சு எடுத்தது. பட்டறைச் சாமான் மாதிரி சுத்தமா இருக்கும். முக்கு."

முக்கினாள். மூடி, நன்றாகக் குலுக்கினாள்.

உப்பை அளக்க நான் பட்டறையிலிருந்து ஒரு கருவி கொண்டுவந்திருந்தேன். கையடக்கக் குழாய் போன்றது, ஒரு முனையில் கண்ணாடிப் பட்டை. இயந்திரங்களில் ஊற்றுகிற குளிர்ச்சித் திரவம் சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் தினமும் வைத்திருப்பது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு தெரியும். தண்ணீரில் ஏதாவது கரைந்திருந்தால் வெளிச்சம் அதிகம் வளையும், கோடு மேலே ஏறும். வெறும் தண்ணீருக்குப் பூஜ்யம். கடல் நீருக்கு ஏறக்குறைய நான்கு.

அடித் தண்ணீர்: மூன்றரை. ரூபினி கையை மடக்கிக் காற்றில் குத்தினாள்.

மேல் தண்ணீர்: மூன்று.

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மூன்று. நான் வாங்கிப் பார்த்தேன். மூன்று.

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்," என்றாள். "லேயரே இல்ல. கலந்துடுச்சு."

"கலந்திருக்க முடியாது. காத்து அடிச்சாலும் ஒரேயடியா..."

"அப்பா, நம்பர் மூணு."

"நம்பர் சரிதான். ஆனா ஏன்னு யோசிக்கணும். பெரிய அலை ஒண்ணு மணல் திட்டைத் தாண்டி வந்து..."

"எதுக்கு இப்ப ஏன்? என் தலைப்பே ரெண்டு தண்ணி இருக்குங்கிறதுதான். இங்க ஒரு தண்ணிதான் இருக்கு!"

அவள் குரல் ஏரியில் பட்டுத் திரும்பியது. பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போய், ஓடை, மழை, கடல் பொங்கும் நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தாத விஷயத்தை விளக்குவதைப் போலக் கொடுமை வேறு இல்லை. கேட்கிறவர்களுக்கு அதைவிடக் கொடுமை போலிருக்கிறது. ரமணி என் வாயில் ஒரு கோழித் துண்டைத் திணித்தாள்.

மர நிழலில் நெய்ச்சோறு சாப்பிட்டோம். ரூபினி தொடவில்லை.

"பிள்ளையைக் கூட்டியாந்து பட்டினி போடுற," என்றாள் அக்கா என்னைப் பார்த்து.

"நானா போட்டேன்?"

ஹக்கீம் படகுத்துறையிலிருந்து கையசைத்தான். "அண்ணே, ஏறுங்க! அலை கிளம்பிருச்சு!" படகில் இன்னொரு குடும்பம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அக்காவையும் ரமணியையும் கைபிடித்து ஏற்றினேன். ரூபினி துறையின் ஓரத்தில் நின்று பழுப்புப் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தாள், கடலில் கொட்டுவதற்கு. "ச்சீ" என்று கையை உதறினாள். பாட்டிலின் கழுத்தைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது.

மணலில் பையை வைத்திருந்தோம், எறும்பு ஏறுவது அதிசயமில்லை. ஆனால் மற்ற பாட்டிலில் ஒன்றுகூட இல்லை. உப்புத் தண்ணீருக்கு எறும்பு எதற்கு வரும்?

பட்டறைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வதுண்டு: இந்தக் கருவிக்கு வெளிச்சம் வளைவது மட்டும்தான் தெரியும். எது கரைந்து வளைத்தது என்று தெரியாது. எண்ணெயா, உப்பா, சர்க்கரையா, அதற்குக் கவலை இல்லை.

மூடியின் உள்பக்கத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. துப்பினேன்.

"அக்கா! இந்தப் பாட்டில்ல என்ன போட்ட?"

"எந்தப் பாட்டில்ல?"

"பழுப்பு!"

"அதுவா? ரெண்டு கரண்டி சீனி." பஸ் டிக்கெட்டைக் கேட்டால் காட்டுவது போலச் சாதாரணமாகச் சொன்னாள். "வெறும் பாத்திரத்தையா திருப்பிக் குடுப்பாங்க? நம்ம வீட்டில அப்படியா பழக்கம்? ஒண்ணில தான் இரும்பு கிடந்துச்சு. இன்னொண்ணு காலியா இருந்துச்சு."

"அத்தை!" ரூபினி கத்தினாள். "அது பாத்திரம் இல்ல! அது சாம்பிள் பாட்டில்!"

"மூடி இருக்கு, தண்ணி ஊத்துற. அப்புறம் அது என்னவாம்?"

"கடவுளே! யாராச்சும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"யாரைப் பார்த்துக் கத்துற? விடியற்காலையில எந்திரிச்சு உனக்கு நெய்ச்சோறு கிண்டினவளைப் பார்த்தா?" அக்கா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

படகிலிருந்த அடுத்த குடும்பத்து ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹக்கீம் இயந்திரத்தை முடுக்கினான். "அண்ணே, வரீங்களா இல்லையா?"

"இப்பதான் தெரிஞ்சுடுச்சே," என்றாள் ரமணி. "அந்த மூணு சீனியால வந்தது. அப்ப மேல் தண்ணி பூஜ்யம். பூஜ்யம்னு எழுதிடுமா. யாருக்குத் தெரியப் போகுது லா?"

உண்மையைச் சொன்னால், அது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் இரண்டு முழங்காலும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டன. கணக்குப்படி பூஜ்யமாகத்தான் இருக்கும். எனக்கு முக்கால்வாசி நிச்சயம்.

ரூபினி என்னைப் பார்த்தாள்.

"பூஜ்யமாத்தான் இருக்கும்," என்றேன்.

"பார்த்தீங்களா?"

"பார்க்கல. ஆனா..."

"நானும் பார்க்கல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துறையில் திரும்பி நடந்தாள். "நீங்க எல்லாரும் போங்க. நான் நடந்து வரேன்."

பதினேழு வயதுப் பெண்ணை அந்தக் காட்டில் தனியாக எப்படி விடுவது? ஹக்கீமிடம் காத்திருக்கச் சொன்னேன். அவன் அலையைக் காட்டினான். அது ஏற்கெனவே துறைத் தூண்களில் அறைந்து தெறித்துக்கொண்டிருந்தது. படகு கிளம்பியது. ரமணி இரண்டு கைகளையும் விரித்து என்னிடம் ஏதோ கேட்டாள். இயந்திரச் சத்தத்தில் விழவில்லை. அக்கா திரும்பவே இல்லை.

பாலத்தில் ரூபினி பாட்டிலை அலசிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்தாறு தடவை. அலசிய தண்ணீரில் ஒரு சொட்டைக் கருவியில் விட்டுப் பார்த்தாள். பாலத்தின் மறுபக்கம் போய், அலசிய தண்ணீர் விழாத இடத்தில் முக்கி எடுத்தாள். கண்ணில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். முக்கால்வாசி நிச்சயம் என்பதில் மீதிக் கால்வாசி எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

கருவியை என்னிடம் நீட்டினாள். நீலக் கோடு அடியில், பூஜ்யத்தில் படுத்திருந்தது. ஒரு மயிரிழைகூட மேலே இல்லை.

"அதாவது, மேல இருக்கிற தண்ணி..."

"அப்பா."

"சரி."

கருவிக்குள் தெரிந்ததைக் கைப்பேசியால் படம் எடுத்துக்கொண்டாள். பாட்டிலில் நேரத்தை எழுதினாள். கடற்கரையில் விட்டிருந்த தூக்கை எடுத்துக்கொண்டு மலையேறத் தொடங்கினோம். அவள் நடந்த வேகத்துக்கு நான் பேச நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. பாதி வழியில் ஒரு வேரில் உட்கார்ந்து, ஆறிப்போன நெய்ச்சோற்றைக் கையால் அள்ளி நான்கு வாய் வேகமாகத் தின்றாள். கோபம் குறைந்ததாகத் தெரியவில்லை. பசி குறைந்தது.

மலை முகட்டில் சிக்னல் கிடைத்து என் கைப்பேசி அதிர்ந்தது. ரமணி. அவர்கள் தெலுக் பஹாங்குக்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் நிழல் இல்லை. அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் என்ன பேர் வைத்திருக்கிறாள் என்பதை வந்ததும் சொல்கிறேன் என்றாள்.

"கார்ல உட்கார்ந்து ஏர்கான் போட்டுக்கோங்க," என்றேன்.

"எப்படி?" என்றாள்.

கையைப் பாக்கெட்டில் விட்டேன். கார்ச் சாவி அங்கேதான் இருந்தது.

ரூபினி என் கையிலிருந்து தூக்கைப் பிடுங்கிக்கொண்டாள். "ஓடுங்கப்பா," என்றாள்.