ஊதாவின் முழங்கால்

முழங்காலிலிருந்து உறிஞ்சிய சீழ் சின்னக் குப்பியில் சோதனைக்கூடத்துக்கு வந்ததும் நெட்டை மற்றவர்களை ஒதுங்கச் சொன்னாள். "இது எங்க அண்ணியோடது. நானே பாக்கறேன்."

அண்ணி என்பது பின்னால் வந்த உறவு. கல்லூரியில் இருவருக்கும் ஒரே மேசை, ஒரே நுண்ணோக்கி. உயரத்தால் இவள் நெட்டை. விரலில் சாயக்கறை போகவே போகாததால் அவள் ஊதா. சேர்ந்து படிக்க நெட்டையின் வீட்டுக்கு வந்தவள், அண்ணனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். பிறகு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கப் போனாள். இப்போது மேல்மாடி வார்டில், பூசணிக்காய் போல வீங்கிய முழங்காலோடு காய்ச்சலில் கிடக்கிறாள்.

"எந்த வகைக் கிருமின்னு சீக்கிரம் சொல்லுங்க," என்றிருந்தார் எலும்பு டாக்டர். "மருந்து மாறிப் போனா மூட்டு அரிச்சுடும். அப்புறம் காலை மடக்கவே முடியாது."

நெட்டை கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தடவி, காயவைத்து, சுடரில் காட்டினாள். முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின். இரண்டும் கிருமிக்குள் சேர்ந்து கட்டிப்படும். அடுத்துத்தான் விஷயமே இருக்கிறது: ஆல்கஹாலால் கழுவ வேண்டும். சில கிருமிகளுக்குச் சுவர் தடிமன். ஊதாச் சாயத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிலவற்றுக்குச் சுவர் மெல்லியது, அதன்மேல் ஒரு கொழுப்புப் போர்வை. ஆல்கஹால் அந்தப் போர்வையைக் கரைக்க, நிறம் ஓடிவிடும். கடைசியில் சிவப்புச் சாயம் ஊற்றினால் வெளுத்தவை சிவக்கும். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றை இப்படியே இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடலாம். ஊதாக் கூட்டத்தை அடிக்கும் மருந்து, மற்றதன் போர்வையைத் தாண்டமுடியாமல் வெளியே நிற்கலாம்.

ஆல்கஹாலைச் சாய்த்தாள். கல்லூரியில் இந்தக் கட்டத்துக்கு இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருத்தி ஊற்றுவாள், வழியும் சொட்டில் நிறம் தீர்வதைப் பார்த்து மற்றவள் "நிறுத்து" என்பாள். ஊற்றுவது நெட்டை, நிறுத்துவது ஊதா. வெயில் விழும் அந்த மேசை, சாயத்தின் காட்டமான வாசனை, பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடிய நாள், சிரிப்பை அடக்கமுடியாமல் ஊதா மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது... நெட்டை தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். ஆல்கஹால் குப்பி சாய்ந்தபடியே இருந்தது.

நுண்ணோக்கியில் எல்லாம் சிவப்பு. டாக்டருக்குச் சொல்வதற்கு முன் ஊதாவைப் போனில் கூப்பிட்டாள்.

"சிவப்புடி அண்ணி."

"அண்ணின்னு ஒரு வார்த்தை, டீன்னு ஒரு வார்த்தை. ஏதாவது ஒண்ணுல நில்லு." ஊதாவின் குரல் கம்மியிருந்தது. "குச்சி மாதிரியா?"

"இல்ல, உருண்டை."

"தனித்தனியாவா?"

"கொத்துக் கொத்தா, திராட்சை மாதிரி..." சொல்லும்போதே நெட்டைக்குச் சுருக்கென்றது. சீழில் திராட்சைக் கொத்தாக வரும் உருண்டைகள் ஊதாவாகத்தான் இருக்க வேண்டும். அளவுக்கு மீறிக் கழுவினால் தடித்த சுவரும் நிறத்தை விட்டுவிடும்.

அந்தப் பக்கம் இருமலும் சிரிப்பும் கலந்து வந்தன. "யாருடி நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அதானே! ஆறா ஓட விட்டிருப்பே."

"மத்தவங்க சீழ்னா கை தானா நிக்கும். உன்னோடதுன்னதும் பழசெல்லாம் வந்துடுச்சு."

"பழசை அப்புறம் பாத்துக்கலாம். இப்ப என் முட்டியைப் பாரு தாயே!"

நெட்டை புதிதாக ஒரு துண்டை எடுத்தாள். சீழுக்குப் பக்கத்திலேயே, வகை தெரிந்த கிருமிகள் இரண்டையும், ஊதாவில் ஒன்று சிவப்பில் ஒன்று, தடவினாள். கழுவியது அதிகமானால் தெரிந்த ஊதாக் கிருமியும் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் தடவை வேறெதையும் நினைக்கவில்லை. சொட்டை மட்டும் பார்த்தாள். ஊதாக் கிருமி ஊதாவாகவும், சிவப்புக் கிருமி சிவப்பாகவும் நின்றன. நடுவே அண்ணியின் திராட்சைக் கொத்துகள், கரும் ஊதா.

நெட்டை சொன்னதைக் கேட்டு டாக்டர் ஏற்றிய மருந்து, கிருமியைச் சுவர் கட்டவிடாமல் தடுப்பது. பாதிச் சுவரோடு நிற்கும் கிருமி, உள்ளே இருக்கும் அழுத்தம் தாங்காமல் தானே வெடித்துப்போகும்.

சீழிலிருந்து வளர்க்க வைத்த கிருமி வளர்ந்ததும், எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க அதைத் தட்டில் பரப்பி, மருந்து ஊறிய காகித வட்டுகளை வைத்தாள். மறுநாள் பார்த்தபோது, பென்சிலின் வட்டை ஒட்டியே கிருமி மண்டிக்கிடந்தது. டாக்டர் கொடுத்த மருந்தைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டதுபோல் அகலமான வெற்றிடம். நெட்டை அதைப் படம் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

டாக்டர் ஊதாவின் காலை மெல்ல மடக்கிக்கொண்டிருந்தார். "ஐயோ! மெதுவா!" என்று கத்தினாளே தவிர, கால் மடங்கியது. காய்ச்சல் இறங்கிய முகத்தோடு படத்தை வாங்கிப் பெரிதாக்கினாள்.

"பென்சிலின் மடியிலயே ஏறி உக்காந்திருக்கு பாரு, திமிரு! படத்துல என்னடி தெரியும்? நடக்க முடிஞ்சதும் கீழ வரேன். என் கிருமிய நானே பாக்கணும்."

"அண்ணன் விடமாட்டான்."

"உங்க அண்ணனைக் கேட்டுட்டா அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தேன்?"

கீழே வந்த நெட்டை, கழிவுத் தொட்டியில் போட எடுத்த அந்த இரண்டாவது கண்ணாடித் துண்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.