கோணலாகவே வேணும் அந்தப் பல்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிய நஜீமா, முந்தானையால் வாயை மூடியபடி விறுவிறுவென்று நடந்தாள். பார்த்தவர்கள் வெயிலுக்கு என்று நினைத்திருப்பார்கள். வெயிலுக்கு இல்லை.

பல் மருத்துவர் வெற்றிச்செல்வியின் நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் முந்தானையை எடுத்தாள்.

"அடடா! எப்போ விழுந்துச்சு?"

"நேத்து சாயங்காலம். டாக்டரம்மா, ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இந்த விஷயம் இந்த நாலு சுவத்தைத் தாண்டக் கூடாது. என் வூட்டுக்காரரே போன் பண்ணிக் கேட்டாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"பல் டாக்டர்கிட்ட வாயைத் திறக்காதேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்றாள் வெற்றிச்செல்வி. "சரி, சத்தியம். என்ன நடந்துச்சு?"

நடந்தது இதுதான்.

நஜீமாவின் கணவர் கவுஸுக்கு துபாயில் சரக்குக் கிடங்கில் வேலை. வந்து இறங்கும் பெட்டிகளில் கீறல் இருக்கிறதா, யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று சோதிக்கும் கண். அந்தக் கண்ணுக்குச் சொந்த ஊரான லெப்பைக்குடிகாட்டில் இரண்டே இரண்டு செல்வங்கள். ஒன்று நஜீமாவின் மேல்வரிசையில் சற்றே முன்னால் எட்டிப் பார்க்கும் சிங்கப்பல். பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பல்லைப் பார்த்துத்தான் மனுஷன் சரி என்றார். இன்னொன்று, பின்கட்டில் தார்பாய் போர்த்தி நிற்கும் பழைய புல்லட்.

வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா தொழுகைக்குப் பிறகு போனில் போட்டிம் ஆப்பில் கூப்பிடுவார். நஜீமா தார்பாயை விலக்கி, வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து, போனை சைலன்சர் பக்கம் காட்ட வேண்டும். துபாயில் கண்ணை மூடிக்கொண்டு டுபுடுபுவைக் கேட்பார். "போதும் புள்ள, ஆஃப் பண்ணு. இந்தா பாரு, சத்தம் மட்டும்தான். எவனாவது கியரைத் தொட்டான்னு தெரிஞ்சுது, மறுநாளே வண்டியை வித்துடுவேன்."

எவனும் தொடவில்லை. எவள் என்று அவர் சொல்லவில்லையே!

கொழுந்தன் முகமது அனஸ், கடைவீதியில் செல்போன் கடை வைத்திருப்பவன், மதினிக்கு வெள்ளாற்றங்கரை மண்பாதையில் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். ஒரே மாதத்தில் அவனைப் பின்னால் உட்காரவைத்து அவள் ஓட்டினாள். அதற்கப்புறம் அந்தச் சத்தத்தை நின்ற இடத்தில் கேட்டு அணைப்பது அவளால் முடியாத காரியமாகிவிட்டது. ஆள் நடமாட்டம் குறைந்த சாயங்காலங்களில் ஆற்றங்கரையில் அவளும் புல்லட்டும் மட்டும்.

நேற்று குறுக்கே ஓர் ஆடு வந்தது.

ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கும் ஒரு கீறல் இல்லை. சடாரென்று பிரேக் அடித்ததில் நஜீமாவின் வாய் பெட்ரோல் டேங்கில் மோதியது. சிங்கப்பல் காணோம்.

"கிடைச்சிருந்தா திரும்ப நட்டுப் பார்த்திருக்கலாமே" என்றாள் வெற்றிச்செல்வி.

"நானும் அனஸும் மண்ணைச் சலிச்சுட்டோம். ஆடு முழுங்கிடுச்சோ என்னவோ. அவரு ரெண்டு மாசத்துல வராரு டாக்டரம்மா. பல்லு போனது தெரிஞ்சா எப்படிப் போச்சுன்னு கேப்பாரு. கேட்டாருன்னா வண்டி போயிடும்."

"பல்லு போனதை விட வண்டி போயிடும்னுதான் கவலையா?"

"பல்லு நீங்க வெச்சிடுவீங்க. வண்டியை யாரு வெப்பா?"

வெற்றிச்செல்வி சிரித்துக்கொண்டே மேஜை இழுப்பறையிலிருந்து சாந்து அச்சுகளை எடுத்துப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு பொய்ப்பல்.

"ரெண்டு பக்கத்துப் பல்லையும் கொஞ்சம் ராவி, தொப்பி போட்டு, நடுவுல இதைக் கோர்த்துடுவோம். பாலம். ஆனா நடுப்பல்லோட அடி எப்படி இருக்கணும்கிறதுதான் சூட்சுமம். இதைப் பாருங்க, ஈறு மேல சேணம் மாதிரி ரெண்டு பக்கமும் கவ்விக்கும்."

"நல்லாத்தானே இருக்கு?"

"பார்க்க நல்லாருக்கும். அடியில தேய்க்க முடியாது. சோத்துப் பருக்கை போய்க் குடியிருக்கும். பக்கத்துல வந்து பேசினா உங்க வூட்டுக்காரரு அடுத்த ஃபிளைட்ல துபாய் போயிடுவாரு."

"வேணாம் தாயே. இது என்ன, ஈறையே தொடாம அந்தரத்துல நிக்குது?"

"உங்க ஊரு ஆத்துப் பாலம் மாதிரி. கீழ தண்ணி போகும், வரும், சுத்தமா இருக்கும். கீழ்வரிசைக் கடைவாய்க்குன்னா இதைத்தான் வெப்பேன். முன்னாடி வெச்சா சிரிக்கிறப்ப சந்து தெரியும். பேசினா காத்து வேற போகும்."

மூன்றாவது, முன்பக்கம் ஈறைத் தொட்டு, பின்பக்கம் சரிவாக விலகி இருந்தது. "நிறைய பேருக்கு இதுதான் வெக்கிறது. சுத்தம் பண்றது சுலபம். நூத்துக்குத் தொண்ணூறு பேரு கண்டுபிடிக்க மாட்டாங்க."

"என் வூட்டுக்காரரு மிச்சம் பத்துல ஒருத்தரு. ஒட்டின பெட்டியைத் தொடாமலே சொல்லுவாரு."

வெற்றிச்செல்வி கடைசி அச்சை எடுத்தாள். அடிப்பக்கம் முட்டை போல உருண்டு, ஈறில் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருந்தது. "அப்போ இதுதான். உங்க காயம் பச்சையா இருக்கு, நல்லவேளை. இப்பவே தற்காலிகப் பல்லு ஒண்ணை இப்படி முட்டை அடியோட வெச்சா, ஆற ஆற ஈறு அதைச் சுத்திக் குழியா அமைஞ்சுக்கும். அப்புறம் நிஜப் பாலம். பல்லு ஈறுலேர்ந்து மொளைச்ச மாதிரியே இருக்கும். தினமும் அடியில நூல் விட்டு சுத்தம் பண்ணணும். அடிக்கடி வரணும். சம்மதமா?"

"யாரும் கண்டுபிடிக்க முடியாதுல்ல?"

"நானே தடவிப் பார்த்தாதான் சொல்ல முடியும்."

நஜீமா நிம்மதியாக வாயைத் திறந்தாள். அந்த நிம்மதிதான் பின்னால் அவள் கழுத்தைப் பிடிக்கப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

ஈறு சொன்ன பேச்சைக் கேட்டது. வம்பு அரியலூரிலிருந்து வந்தது. அங்கே பல் லேப் வைத்திருக்கும் அறிவழகன் அனுப்பிய பாலத்தில் சிங்கப்பல், பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கும் பிள்ளை மாதிரி நேராக நின்றது. கோணலாக வேண்டும் என்று டாக்டர் திருப்பி அனுப்பினாள். மறுபடியும் வந்தது. முன்னைவிட நேராக!

நஜீமாவே பஸ் ஏறினாள். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அரியலூர் போய் லேப் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, கோணலாக் கேட்டா ஏன்ணே நேராக்கித் தரீங்க?"

அறிவழகன் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். "நீங்கதானா அது? அளவெடுத்ததுல தப்புன்னு நெனச்சு நானே சரி பண்ணிட்டேன்மா. ரெண்டாவது தடவை டாக்டரம்மா கோவமா சொன்னாங்க, சரி, இன்னும் நேரா கேக்குறாங்க போலன்னு..."

"நேரான பல்லோட நின்னா எங்க வூட்ல 'யாரும்மா நீ'ன்னு கேப்பாரு."

கல்யாணப் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். அவர் மெழுகில் ஒரு பல்லைச் செதுக்கினார்.

"இன்னும் கொஞ்சம் வெளிய, அண்ணே."

"போதுமா?"

"இன்னும். மாப்ள வந்துட்டாரான்னு கதவுக்குப் பின்னாலேர்ந்து எட்டிப் பாக்குமில்ல, அப்படி."

"ஊரே நேராக்கச் சொல்லி வருது. காசு குடுத்துக் கோணல் வாங்கறது நீங்க ஒருத்திதாம்மா" என்று முனகிக்கொண்டே அறிவழகன் செதுக்கினார். ஆனால் முடித்த பிறகு தானே இரண்டு தரம் திருப்பிப் பார்த்து ரசித்தார்.

கவுஸ் வந்து இறங்கினார். நஜீமா சிரித்தாள்.

"மாஷா அல்லாஹ்! என் சிங்கப்பல்லு அப்படியே இருக்கு" என்றார்.

பெட்டி சோதிக்கிற கண்ணையே ஏமாற்றியாயிற்று! ஆட்டுக்குட்டி போல அவள் மனசு துள்ளியது.

வெள்ளிக்கிழமை காலை வரைதான்.

கவுஸ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். டேங்கின் பக்கவாட்டில், முட்டி படும் இடத்தில் ஒரு ரப்பர் பட்டை உண்டு. அதன் இடுக்கில் சேர்ந்த மண்ணை ஈர்க்குச்சியால் நோண்டினார். ஏதோ வெள்ளையாக வந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி உள்ளங்கையில் வைத்தார்.

பல்.

"அனஸ்ஸ்ஸ்!"

பக்கத்து வீட்டிலிருந்து அனஸ் ஓடி வந்தான்.

"வாயைத் திற."

"எதுக்குண்ணே?"

"திறடா!" போன் டார்ச்சை அடித்து மேலும் கீழும் பார்த்தார். எல்லாம் இருந்தது. கடைசியில் ஒன்று மட்டும் பாதியாக நின்றது. "அங்க என்ன ஓட்டை?"

"அது சின்ன வயசுல கமர்கட்டு தின்னது!"

"என் வண்டியை எவனோ ஓட்டியிருக்கான். ஓட்டி, பல்லையும் விட்டுட்டுப் போயிருக்கான். சாவி இருக்கற இடம் உனக்குத் தெரியும். யாருக்குடா குடுத்தே?"

அனஸ் தலையைக் குனிந்துகொண்டான். மதினியைக் காட்டிக்கொடுப்பவனா அவன்? கவுஸ் வண்டி துடைத்த துணியை உதறிப் போட்டு, யாருக்கோ போன் அடித்து இரண்டு வார்த்தை பேசி வைத்தார்.

"சொல்ல மாட்டே? சரி. உடையார்பாளையத்துல முந்திரி வியாபாரம் பண்றாரு இளையபெருமாள், வண்டியைக் கேட்டு வருஷமா நச்சரிக்கிறாரு. சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன். இனிமே நீ இந்த வாசப்படி மிதிக்காதே."

அடுக்களைக் கதவோரம் நின்று நஜீமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறைத்தாலும் வண்டி போகிறது. போகிற வண்டி அனஸையும் இழுத்துக்கொண்டு போகிறது. முன்னால் வந்தாள்.

"அவனை விடுங்க. அது என் பல்லு."

கவுஸ் அவளைப் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் பல்லா? உன் பல்லுதான் உன் வாயில இருக்கே புள்ள!"

"அது பொய்ப்பல்லுங்க."

"கொழுந்தனைக் காப்பாத்த இப்படி ஒரு புளுகா? காட்டு." டார்ச் மறுபடி எரிந்தது. குனிந்து, சாய்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "ஈறுலேர்ந்து மொளைச்சு நிக்குது. நான் சொல்றேன், இதை யாரும் பிரிக்கவே இல்ல."

"ஒரிஜினல் உங்க கையிலதான் இருக்கு! ரெண்டும் ஒரே மாதிரி இல்ல?"

"எல்லாப் பல்லும் பல்லு மாதிரிதான் இருக்கும்."

நஜீமா போனை எடுத்து வெற்றிச்செல்விக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அவள் பேசுவதற்குள் கவுஸ் முந்திக்கொண்டார். "டாக்டர், நான் நஜீமா வூட்டுக்காரன். அவங்களுக்கு நீங்க பொய்ப்பல்லு ஏதாவது வெச்சீங்களா?"

எதிர்முனையில் வெற்றிச்செல்வி உஷாரானாள். ஆண் குரல். சத்தியம்.

"பொய்ப்பல்லா? சேச்சே. க்ளீனிங் மட்டும்தான் சார் பண்ணேன். அருமையான சிங்கப்பல்லு. சுத்திப் போடுங்க." டொக்.

அனஸ் சுவர்ப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"போதுமா?" என்றார் கவுஸ்.

நஜீமா ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். தெருப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஏறினாள்.

"நீ ஸ்டார்ட் பண்ணுவேன்னு தெரியும். அதான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கேட்டேனே."

"ஸ்டார்ட் பண்றதைக் காட்டலைங்க. ஒண்ணாம் கியர்லேர்ந்து ரெண்டுக்குப் போறப்ப நடுவுல நழுவும், சொல்லிருக்கீங்களா? சொல்லல. அப்ப அரை கிளட்சைப் புடிச்சுட்டு குதிகாலால ஒரு தட்டு. அது யாரு சொல்லிக்குடுத்தா? வண்டியே சொல்லிக்குடுத்துச்சு. ஏறுங்க."

கவுஸின் சிரிப்பு மெல்ல அணைந்தது. அந்த நழுவல் இந்த உலகத்தில் அவருக்கும் புல்லட்டுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கையிலிருந்த பல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். லுங்கியை ஒதுக்கிப் பின்னால் ஏறினார்.

டுபுடுபுடுபு... ஒண்ணு. குதிகால் தட்டு. ரெண்டு. பள்ளிவாசல் தெருவைத் தாண்டி ஆற்றங்கரை மண்பாதைக்கு வந்தது வண்டி. அவர் ஜேபியில் போன் அலறியது. இளையபெருமாள்.

"என்னங்க, நேரமாகுது, வண்டியை எடுக்க எப்ப வரட்டும்?"

காற்றுக்கு மேல் கத்தினார் கவுஸ். "வண்டி... வண்டி இப்ப வெளிய போயிருக்குங்க. ஓட்டறவங்க குடுப்பாங்கன்னு தோணல!"

போனை அணைத்ததும் அவள் காதோரம் குனிந்தார். "இவ்ளோ அழகா ஓட்டறே, அப்புறம் எப்படி புள்ள பல்லை விட்டே?"

"ஆடுங்க."

"எந்த ஆடு?"

"அந்தா, அதே ஆடு!"

குறுக்கே பாய்ந்தது. நஜீமா இந்த முறை இரண்டு பிரேக்கையும் அளவாகப் பிடித்தாள். வண்டி வழுக்காமல் நின்றது. பின்னால் நிலைதடுமாறிய கவுஸின் வாய் மட்டும் அவள் தோள்பட்டையில் 'ணங்'கென்று மோதியது.

"தடவிப் பாருங்க, எல்லாம் இருக்கா?" என்றாள் திரும்பாமலே. "இல்லேன்னா சொல்லுங்க. டாக்டரம்மாகிட்ட முட்டை அடி வெக்கச் சொல்றேன்."