பூஜ்யம் போட்ட நாட்கள்

மூச்சு அடங்கிவிட்ட அப்பாவின் காதோரத்திலிருந்து ஆக்சிஜன் குழாயை அவள் கழற்றிக்கொண்டிருந்தபோது, தலையணைக்கு அடியில் அவருடைய கைபேசி கிணுகிணுத்தது. நகராட்சியின் காலைச் செய்தி: ‘உங்கள் பகுதியில் இன்று காற்று நன்று. ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம்.’ அருகே ஒரு பச்சை வட்டம்.

அதை அனுப்பும் கணினிப் பிரிவில்தான் அண்ணன் வேலை பார்த்தான். அப்பாவுக்கு அதில் பெருமை தாங்காது. தெருக்கோடிக் குப்பைமேடு எரிந்து புகை மூக்கைத் துளைத்தபோதும், பச்சையைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறப்பார். “எம் புள்ள மிஷினைவிட உன் மூக்கு பெருசாடி?” என்று மகளைக் கேலி செய்வார்.

சுற்றுச்சூழல் ஆய்வாளரான அவள், நகராட்சி பொதுவில் வைத்திருந்த காற்றுத் தரவுகளை இறக்கிப் பார்த்திருந்தாள். மேடு எரிந்த நாட்களிலெல்லாம் மாசு பூஜ்யம். கேட்டபோதெல்லாம் அண்ணன் நழுவினான். இன்று நழுவ இடமில்லை. கட்டிலின் மறுபக்கம் அமர்ந்திருந்தான்.

“அந்தப் பூஜ்யமெல்லாம் எப்படிண்ணா வந்துச்சு?”

“இப்பக் கேக்குற கேள்வியாடி இது?”

“எப்பக் கேட்டாலும் இதையேதான் சொல்ற.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “புகை அதிகமானா காத்தை அளக்குற மிஷின் அடைச்சுக்கும். அளவே வராது. கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. அதான் பூஜ்யம் போட்டோம்.”

“காலின்னா தெரியலைன்னு அர்த்தம். பூஜ்யம்னா சுத்தம்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா உனக்கு?”

“எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க.”

“போட்டது நீங்கல்லாம். அந்தப் புகையை இழுத்தது அப்பா.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் விடவில்லை. “அந்தப் பூஜ்யத்தையெல்லாம் அழி. தெரியலைன்னு போடு.”

“என் வேலை போயிடும்.”

“போகட்டும்!”

குரல் கேட்டு அத்தை உள்ளே வந்தாள். “எங்கண்ணனைப் படுக்க வச்சுக்கிட்டு என்ன பஞ்சாயத்து? ஆளுங்க வர்ற நேரம். ரூம் வேற புழுங்குது.” சொல்லிக்கொண்டே ஜன்னல் கதவுகளை விரியத் திறந்தாள்.

எரிந்த ரப்பரின் நெடி உள்ளே புகுந்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் இருமினான், மறுபடியும் இருமினான். கைபேசியில் வட்டம் பச்சையாகவே இருந்தது.

அவள் அசையவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். தோளில் கிடந்த துண்டை நனைத்துவந்து, ஜன்னல் கதவின் அடியிடுக்கில், உறங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, ஓசையின்றிச் செருகத் தொடங்கினான்.