காருக்காக ஒரு மன்றாட்டு

என் மகள் பாலர் வகுப்பில் சேர்ந்த முதல் பருவத்தில், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் பாடம் கேட்டவன் நான் ஒருவன்தான். டீச்சர்கூட ஒரு நாள் பல் பிடுங்கப் போய்விட்டார். என் மகள் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தாள். அந்த இரண்டு நாளும் நான் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, டை, லேப்டாப் பை சகிதம் காலை எட்டரைக்கு ஆஜர். ஒரே வித்தியாசம், மற்ற மாணவர்கள் வகுப்புக்குள் உட்கார்ந்தார்கள். நான் பள்ளியின் பின் சந்தில், பாலர் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே, காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வேலை போய்விட்டிருந்தது. அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் விற்பனைப் பிரிவை நான்தான் தாங்கிப் பிடிக்கிறேன் என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை எனக்கு மட்டும்தான் இருந்தது என்பதை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மரியாதையாகச் சொன்னார்கள். மேசைச் சாமான்களை எடுத்துப் போக ஒரு அட்டைப்பெட்டியும் கொடுத்தார்கள். எங்கள் தயாரிப்புதான். மாடிப்படி இறங்குவதற்குள் அடிப்பக்கம் பிய்ந்துவிட்டது.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஊரார் ரத்தத்தையும், ரத்தம் அல்லாத மற்றதையும் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "என் வேலைதான் நாய் படாத பாடு. உங்க வேலையாவது நிம்மதியா இருக்கே, அது போதும்" என்றாள். அதற்கு மேல் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது. புது வேலை கிடைத்ததும் பழசையும் புதுசையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கம்பெனி கடைசியாகக் கொடுத்த தொகையை மாதம் பிறந்தால் சம்பளம் மாதிரி வீட்டுக் கணக்கில் போட்டேன். அது பருவம் முடியும்வரை தாங்கும்.

காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிடுவது என் பொறுப்பு. மூன்று மணிக்கு, லேப் ஷிப்ட் முடிந்து வந்து அழைத்துப் போவது மனைவி. இடைப்பட்ட நேரத்தை எங்கே கழிப்பது? கடைத்தெருவில் நின்றால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம் பூங்காவில் உட்கார்ந்தபோது, காவலாளி மூன்றாம் நாளே பெயர் விசாரித்தார். பள்ளியின் பின் சந்தில்தான் மரநிழல் இருந்தது, கேள்வி கேட்க ஆளும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து போனில் வேலை தேடுவேன். மூன்று மணி நெருங்கும்போது காரை நகர்த்திவிடுவேன்.

ஜன்னல் திறந்தே இருக்கும். ஆகவே எனக்கும் கல்வி கிடைத்தது. சிலுவை அடையாளம் வலது கையால் போட வேண்டும். வகுப்பில் பாதிப்பேருக்கு எது வலது கை என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. கடவுள் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்றார் டீச்சர். எனக்கு வாரத்தில் ஏழு நாளும் அதுதான். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு காவல் தூதர் எப்போதும் இருக்கிறார் என்றார். பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். இருந்தால் அவரும் வேலை இல்லாமல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வாரமே கையும் களவுமாக மாட்டினேன். வரைந்த படத்தை ஜன்னலில் ஒட்ட வந்த என் மகள் கீழே பார்த்துவிட்டாள். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது கேட்டாள்.

"அப்பா, நம்ம கார் ஏன் எங்க கிளாஸ் பின்னாடி நிக்குது?"

"கார் ரிப்பேர்டா கண்ணு. அதான் ஆபீஸ் போக முடியல."

"வீட்டுக்கு மட்டும் எப்படி வருது?"

பெரிய நிறுவனங்களில் நேர்முகத் தேர்வு நடத்துபவர்கள்கூட என்னை இப்படி மடக்கியதில்லை. "சாயங்காலம் கொஞ்சம் சரியாயிடும்" என்றேன். "அம்மாகிட்ட சொல்லாத. கவலைப்படுவாங்க."

"சொல்ல மாட்டேன்" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. அந்தக் குணம் யாரிடமிருந்து வந்ததோ, என்னிடமிருந்து இல்லை.

அடுத்த வாரம் மன்றாட்டு தொடங்கியது. கோவில் பூசையில் யாராவது ஒருவர் மைக்கில் வேண்டுதல் சொல்ல, மக்கள் எல்லோரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வார்களே, அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள். தினமும் காலையில் ஒவ்வொருவராக எழுந்து மனசில் இருப்பதைச் சொந்த வார்த்தையில் கேட்க வேண்டும். நாலு வயசுப் பிள்ளையை மனசில் இருப்பதைச் சொல் என்று எழுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்க, பாவம், அந்தப் பள்ளியில் ஆளில்லை.

பல் டாக்டரின் மகள், தன் அப்பா பல் வலிக்கு வேறு டாக்டரிடம் போவதை நிறுத்த வேண்டும் என்று வேண்டினாள். ஒருத்தி, புதிதாகப் பிறந்த தம்பியை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். வக்கீல் மகன், அம்மா அப்பாவிடம் நேராகப் பேச வேண்டும், நடுவில் ஓடி ஓடிச் சொல்லித் தனக்குக் கால் வலிக்கிறது என்றான். ஒவ்வொன்றுக்கும் மொத்த வகுப்பும் சேர்ந்து, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று தொண்டை கிழியக் கத்தியது. எனக்குப் பொழுது பிரமாதமாகப் போயிற்று. காருக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் மகளின் குரல் கேட்டது.

"ஆண்டவரே, எங்க அப்பா கார் சீக்கிரம் சரியாகணும்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது வகுப்பு. நான் ஸ்டியரிங்குக்குக் கீழே சரிந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம், மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்து விசாரித்தேன். "சொல்ல மாட்டேன்னு சொன்னியே கண்ணு."

"அம்மாகிட்டதான் சொல்லக் கூடாது. ஆண்டவர்கிட்ட சொல்லலாம்ல?"

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"தெரிஞ்சா ஏன் சரி பண்ணல?" என்றாள். அந்தக் கேள்வியை நானும் சில வாரங்களாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பிறகு தினமும் காலை என் கார் மன்றாட்டில் வந்தது. ஒருநாள் டீச்சர் ஜன்னலருகே வந்து கீழே பார்த்தார். நான் போனைக் காதில் வைத்து, யாருமில்லாத அழைப்புக்குத் தலையாட்டினேன். "வெயில் திரும்பிடுச்சு சார். கொஞ்சம் முன்னாடி நிறுத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. காரை முன்னால் நகர்த்தினேன்.

வீட்டில் மகளுக்கு அந்தப் பதில் வாயில் ஒட்டிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பாள். மனைவி, "தட்டுல இருக்கறதை முழுசா சாப்பிடு" என்றால் அதுதான் பதில். "வாயை மூடுடி" என்றாலும் அதுதான் பதில். "நல்லா சொல்லிக் குடுக்கறாங்க ஸ்கூல்ல" என்று தலையில் அடித்துக்கொள்வாள் மனைவி.

வேலை விஷயம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. ஒரு இடத்தில் மூன்று சுற்று பேசி, வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்திருந்தேன். ஒரு புதன்கிழமை காலை காருக்குள் இருக்கும்போது கூப்பிட்டு, இளைஞராகப் பார்க்கிறோம் என்றார்கள். அந்தச் சந்தில் தூசி அதிகம். அன்று கண்ணில் கொஞ்சம் விழுந்துவிட்டது.

பருவத்தின் பாதியில் வக்கீல் பள்ளிக்கு வந்து ஒரு பிடி பிடித்தார். தன் வீட்டு விவகாரம் சலூன்வரை வந்துவிட்டதாம். மறுநாள் காலை, பள்ளியின் தலைமையான பெரிய சிஸ்டரே பாலர் வகுப்புக்கு வந்து புதுச் சட்டம் போட்டார்.

"இனிமே யாரும் தன் வீட்டுக்காகக் கேக்கக் கூடாது. மத்தவங்களுக்காகத்தான் கேக்கணும். அதுதான் உண்மையான அன்பு. புரிஞ்சுதா பிள்ளைங்களா?"

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் பிள்ளைகள்.

தலை தப்பியது என்று ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். பெரிய சிஸ்டரின் படத்தை வீட்டில் மாட்டலாம் போலிருந்தது. அன்றிலிருந்து மன்றாட்டு நேரத்தில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நிம்மதியாக விண்ணப்பங்கள் அனுப்பினேன். அந்தப் பருவத்தில் நான் கவனிக்காமல் விட்ட பாடம் அது ஒன்றுதான்.

பருவத்தின் கடைசி நாள், பெற்றோருக்கு முன்னால் பிள்ளைகள் கற்றதைக் காட்டும் விழா. மனைவி அரை நாள் விடுப்பு எடுத்தாள். நானும் எடுத்தேன், மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் எண்களைச் சொன்னார்கள், பதின்மூன்றை விட்டுவிட்டார்கள். சிலுவை அடையாளம் போட்டார்கள், வலது கை பெரும்பான்மை பெற்றிருந்தது. பிறகு மன்றாட்டு. முதலில் என் மகள் மைக் முன்னால் வந்தாள். இரண்டு சடையும் இறுகப் பின்னி, பார்க்க அத்தனை அழகாக இருந்தாள். நான் கவலையில்லாமல் போனில் படம் எடுத்தேன்.

"ஆண்டவரே, வக்கீல் அங்கிள்கிட்ட ஆன்ட்டி நேரா பேசணும். இவனுக்குக் கால் வலிக்குது."

கூடம் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் இருமியது. முன் வரிசையில் வக்கீல் தன் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார். பெரிய சிஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு என் காதில், "பாவம்ங்க, வீட்டு விஷயம் சந்தி சிரிக்குது" என்றாள்.

நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. தன் வீட்டுக்காகக் கேட்கக் கூடாது. மற்றவர்களுக்காகக் கேட்கலாம். பிள்ளைகள் உட்கார்ந்து ஒருவர் மன்றாட்டை இன்னொருவர் என்று பங்கு பிரித்துக்கொண்டுவிட்டார்கள். அப்படியென்றால் என் கார் யார் கைக்குப் போயிருக்கிறது?

அடுத்து வந்தவன் என் மகளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். வாயைத் திறந்தால் தும்முவான் என்பதால் எங்கள் வீட்டில் அவனுக்குத் தும்மல் என்று பெயர். மைக்கைப் பிடித்தான். தும்மினான். அப்படியே தும்மிக்கொண்டே போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று, அந்தப் பருவத்திலேயே முதல் தடவையாக, நான் மனதார ஜெபித்தேன். டீச்சர் கைக்குட்டையைக் கொடுத்தார். அவன் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"ஆண்டவரே, இவளோட அப்பா கார் ரிப்பேர். டெய்லி நம்ம ஜன்னலுக்குக் கீழயே நிக்குது. அப்பாவும் உள்ளயே இருக்காங்க. உள்ளயே சாப்பிடறாங்க. ஆபீஸ் போக முடியல. ஒரு நாள் அழுதாங்க, நாங்க எல்லாரும் பாத்தோம். கார் சீக்கிரம் சரியாகணும்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

வேறு எந்த மன்றாட்டுக்கும் அப்படி ஒரு சத்தம் வரவில்லை. பிள்ளைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார்கள். தினமும் பழகியது குரலில் தெரிந்தது. என் மகள் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வாக்கை மீறவில்லை, அம்மாவிடம் நான் சொல்லவில்லை என்று அந்தப் பார்வை சொன்னது.

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மீதி விழா முழுவதும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்ட வேண்டிய இடத்தில் எல்லாம் கை தட்டினேன்.

வெளியே வந்ததும் கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தேன். அவளே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். கார் ஒரே திருப்பில் உறுமியது. துரோகி. பின் இருக்கையில் மகள் குதித்தாள்.

"கார் சரியாயிடுச்சு அம்மா."

மனைவி இன்ஜினை அணைத்தாள். "சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். வெள்ளிக்கிழமை, அட்டைப்பெட்டி, மாதாமாதம் போட்ட பணம், அது தீர்ந்தது, புதன்கிழமை வந்த போன், எல்லாவற்றையும். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இதைச் சொல்லவா ஒரு பருவம் முழுக்கச் சந்தில் கிடந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"வேலை போனதுக்கு எனக்குக் கோபம் இல்ல" என்றாள் மனைவி. "மூக்கு சிந்தத் தெரியாத பிள்ளைங்க அத்தனை பேரும் நீங்க அழுததைப் பாத்திருக்காங்க. தினமும் உங்களுக்காக வேண்டியிருக்காங்க. பக்கத்துல படுக்கறவ எனக்குத் தெரியல. நான் அந்தக் கிளாஸ்ல சேந்திருக்கணும்போல."

அந்த வார்த்தை சுருக்கென்று குத்தியது. ஏதாவது சாமர்த்தியமாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"பயமா இருந்துச்சு" என்றேன். "இப்பவும் பயமாத்தான் இருக்கு. நீ என்கூட இருக்கணும்."

பின் இருக்கையிலிருந்து மகள், வழக்கம் போல, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றாள்.

மனைவி அவளை அதட்டவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பள்ளி வாசலில் தூசியே கிடையாது. பிறகு மறுபடி சாவியைத் திருப்பி, கண்ணாடியில் பின்னால் பார்த்துக் காரை எடுத்தாள். தெருமுனையில் வேகத்தைக் குறைத்தாள்.

"நாளையிலிருந்து ஸ்கூல் லீவு" என்றாள். "காரை எங்க நிறுத்தறதா இருந்தீங்க?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே தெரியவில்லை. தெரியலை என்று சொன்னேன்.

"வீட்டு வாசல்ல நிறுத்துங்க" என்றாள்.