ஒரு குடத்து உப்பு

சம்பூர்ணத்தின் வேலை உப்பு தட்டுவது. லாரியில் வந்து இறங்கும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டி மடித்திருப்பார்கள். அதைப் பிரித்து மரச்சட்டத்தில் ஓங்கி அடித்து, உப்பை உதிர்த்துவிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு அதே வேலை. உதிர்ந்த உப்பு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். சாயங்காலம் அதைக் கூட்டி வாரி, ஷாப்புக்குப் பின்னால் பாலாற்றுக் கரையில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வருவாள். வீட்டில் குடத்தைச் சாய்த்துக் குடித்தால் அதுவும் உப்பு.

செங்கல்சூளை மேட்டில் எழுபது வீடு. எல்லா வீட்டுக்கும் நகராட்சி போட்ட ஒரே போர்த் தண்ணீர். லேசான மஞ்சள் நிறம். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாங்கி ஆறு மாசமான அலுமினியக் குண்டானின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்கள் முதல் மாசம் மூக்கைச் சிந்துவார்கள், அடுத்த மாசம் பழகிவிடுவார்கள். உறவுக்காரர்கள் வந்தால் கையோடு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த மேட்டில் யாரும் சோற்றுக்கோ குழம்புக்கோ உப்புப் போடுவதில்லை. சிக்கனத்துக்காக இல்லை, தேவைப்படவில்லை. மளிகைச் சீட்டில் உப்பு என்கிற சொல்லே கிடையாது.

ஒன்பது வருஷம் மனு கொடுத்தார்கள். ரெண்டு தரம் காலிக்குடங்களோடு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ரெண்டு தரமும் முதல் குடம் சம்பூர்ணத்தினுடையது. தொண்ணூற்றி ஒன்பதில் ஒருவழியாக, மலையடிவாரத்தில் தோண்டின கிணறுகளிலிருந்து குழாய் பதித்துக் கொண்டுவந்தது நகராட்சி. பழைய போரை நிறுத்திவிட்டு ஒரு மாசம் சோதனை ஓட்டம். அதற்குப் பிறகு கவுன்சிலில் தீர்மானம் போட்டால் நிரந்தரம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வால்வு திறக்கிற கவுஸ் பாஷா சைக்கிளில் வந்து இறங்கினான். இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகினான். குழாய் கொஞ்ச நேரம் காற்றைக் கக்கியது. அப்புறம் தண்ணீர் விழுந்தது. குடத்துக்குள் பார்த்தால் அடிப்பக்கத்து ஒடுக்குகூடத் தெரிந்தது.

சம்பூர்ணம் ஒரு கை ஏந்திக் குடித்தாள். நாக்கில் ஒன்றும் படவில்லை. இன்னொரு கை குடித்தாள்.

"இன்னாக்கா, எப்டி கீது?" என்றான் பாஷா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி.

"சப்புனு கீதுடா."

"அதான்கா நல்ல தண்ணி."

"நல்ல தண்ணின்னா ஒரு ருசி வேணாமா?"

அன்றைக்கு மேடு முழுக்க ஒரே பேஜார். சோறு சப்பென்று இருந்தது, குழம்பு வெந்நீர் மாதிரி இருந்தது. ஷாப்பில் தோல் ஊறுகிற டிரம் ஓட்டிவிட்டுப் பசியோடு வந்த அவள் புருஷன் வேலு ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். "இன்னாமே இது, ஆஸ்பத்திரி சாப்பாடா? நான் நல்லாத்தானே கீறேன்" என்றான். குளிக்கப் போனவர்கள் கதை இன்னும் மோசம். சோப்பை ஒரு இழுப்பு இழுத்தால் முழங்கை வரை நுரை. எத்தனை சொம்பு ஊற்றினாலும் உடம்பில் வழுக்கல் போகவில்லை. எதிர்வீட்டு முனவ்வர் பேகம் வாசலுக்கு வந்து கையைத் தேய்த்துக் காட்டினாள். "அக்கா, மீனு மாதிரி வழுக்குது பாரு. இன்னாமோ கலந்துட்டாங்க." புள்ளை பெறாமல் இருக்க மருந்து கலந்திருக்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். பேரன் எடுத்த கிழவிகள்கூட அன்றைக்குத் தண்ணீர் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் வார்டு கவுன்சிலர் ராஜரத்தினம் தானாகவே வந்தார். ஓட்டுக்கு அப்புறம் அவர் மேட்டில் கால் வைத்தது அன்றைக்குத்தான். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. அந்தத் தண்ணி வேணாம், பழைய போர்த் தண்ணியே போதும்னு எழுதிக் கொடுங்க, நான் பாத்துக்குறேன்" என்றார். காகிதத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். எல்லோருக்கும் கோலி சோடா. சம்பூர்ணம் அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்தை ஆற அமரப் போட்டாள். அவள் போட்ட பிறகு அறுபத்தொரு பேர் போட்டார்கள். அவள் போட்டதால்தான் போட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பாஷா சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அக்கா, இன்னா வேல பண்ணிட்ட? நாளைக்கு மூணு மணிக்குக் கவுன்சில் கூட்டம். பொருள் பதினேழு, உங்க லைனு. மக்களே வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க, ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட புதுசா ஃபிளாட் போட்டுருக்காங்களே, அங்க திருப்பிடலாம்னு தீர்மானம். ஃபிளாட் யாருதுன்ற? கவுன்சிலரு மச்சானுது."

"நெசமாவா?"

"டைப் அடிச்சு வெச்சிருக்கு. நாந்தான் கட்டு தூக்கினு போனேன்."

சம்பூர்ணத்துக்குக் கோபம் வந்தது. ஆனாலும் தண்ணீர் சரியில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. மோசமான தண்ணீரை ஃபிளாட்காரன் எதற்குக் கேட்கிறான் என்பதுதான் புரியவில்லை. அதை நினைத்துக்கொண்டே அன்று ஷாப்பில் தோலை உதறினாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது முனவ்வர் பேகம் ஒரு கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"அக்கா, பருப்பு போட்டேன். ஒல வெச்சிட்டு நமாஸுக்கு உக்காந்து எழுந்து வர்றேன், கரைஞ்சு போய்டுச்சு. நிக்காஹ் ஆகி பதினெட்டு வருஷத்துல என் கையால பருப்பு வெந்ததே இல்ல. எனக்குப் பயமா கீது."

கிண்ணத்தில் மஞ்சளாக, வழவழவென்று, விரலால் தொட்டால் ஒட்டுகிற பருப்பு. சம்பூர்ணம் அதை நக்கிப் பார்த்தாள். உப்பில்லை. ஆனால் பருப்பு, பருப்பாக இருந்தது. இன்னொரு விரல் எடுத்து நக்கிவிட்டு, "உங்கூட்ல பழைய போர்த் தண்ணி ஒரு கொடம் கீதா?" என்று கேட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஷாப்புக்கு வாரலீவு. விடிந்ததும் வாசலில் ரெண்டு கல் அடுப்பு மூட்டினாள். முள் விறகு. ஒரு குண்டானில் பழைய தண்ணீர் ஒரு குடம், இன்னொன்றில் புதுத் தண்ணீர் ஒரு குடம். ரெண்டும் வேலு போன வாரம் வாங்கிவந்த புதுக் குண்டான்கள். "எவனுக்குக் கல்யாணம்?" என்று கேட்டுவிட்டு வேலுவும் பீடியோடு பக்கத்தில் குந்தினான். பத்து மணிக்கு மேட்டில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள். உப்பு தட்டுகிறவளுக்கு உப்புதான் தெரியும். தெரிந்ததை வைத்துத்தான் அவள் பார்க்க முடியும்.

பன்னிரண்டு மணிக்குப் போர்த் தண்ணீர்க் குண்டானில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியது. பால் மாதிரி கலங்கியது. அப்புறம் பட்பட்டென்று வெடிக்க ஆரம்பித்தது. சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் தெறித்துக் கூட்டத்தின் காலில் விழுந்தன. எல்லோரும் ஓர் எட்டுப் பின்னால் போனார்கள். சம்பூர்ணம் போகவில்லை. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஷாப்பில் குளிர் காய நெருப்பு மூட்டினால், உப்புத் தோல் துணுக்கு விழும்போது அப்படித்தான் வெடிக்கும்.

ஈரம் முழுக்க வற்றியதும் இறக்கி வைத்துக் கரண்டியால் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட வந்தது. அவள் கைப்பிடியில் ஒரு பிடி, அதற்கு மேலும் கொஞ்சம். பக்கத்துக் குண்டானில் அடியில் ஒரு மெல்லிய படலம். சுரண்டினால் கட்டைவிரல் நகத்தில் அடங்கியது.

உள்ளங்கையில் இருந்ததை சம்பூர்ணம் விரலால் தேய்த்துப் பார்த்தாள். கடை உப்பு மாதிரி கரகரக்கவில்லை. பழுப்பேறி, லேசாகப் பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தாள். கரிப்பு, அதற்குப் பின்னால் ஒரு கசப்பு. இந்தக் கசப்பு இருபத்திரண்டு வருஷமாகத் தோலை உதறும்போதெல்லாம் அவள் உதட்டில் வந்து ஒட்டிக்கொள்கிற கசப்பு. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

ஆற்றோரம் அவள் கொட்டினதுதான். மழைக்குக் கரைந்து, மணலுக்குள் இறங்கி, அடியிலேயே ஊர்ந்து, போர்க் குழாயில் ஏறி, தெருவைத் தாண்டி, அவள் வீட்டுக் குடத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரும் தூக்கிவரவில்லை, யாரும் வழி காட்டவில்லை. ஒரு நாளைக்கு அஞ்சு குடம். அஞ்சு பிடி. ஒரு மாசத்துக்கு எத்தனை, ஒரு வருஷத்துக்கு எத்தனை என்று நினைக்கப் போய் பாதியிலேயே மனசு நின்றுவிட்டது. ஷாப்பின் பின்பக்கம் வெள்ளையாக நிற்கும் உப்பு மேடு கண்ணுக்குள் வந்தது. அந்த மேட்டையா இந்த எழுபது வீடும் குடித்துக்கொண்டிருக்கிறது?

"யோவ், இத்தனையும் நம்ம ஒடம்புக்குள்ள போச்சாயா?" என்றாள் மெதுவாக.

வேலு பீடியைக் கீழே போட்டான். போன வருஷம் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கிட்னிக் கல் எடுத்தார்கள். இடுப்பைத் தடவிக்கொண்டான்.

மூணு மணிக்கு நகராட்சி வாசலில் பியூன் மறித்தான். "கூட்டம் நடக்குது, பொம்பளைங்க கும்பலா உள்ள போவக் கூடாது."

"உள்ள பொம்பளைங்க உக்காந்திருக்காங்களே?"

"அவங்க கவுன்சிலரு."

"நாங்க அவங்களுக்கு ஓட்டுப் போட்டவங்க, வழிய வுடு" என்று சம்பூர்ணம் தோளால் தள்ளிக்கொண்டு போனாள். கையில் துணி மூடின ரெண்டு எவர்சில்வர் தட்டு. பின்னால் முனவ்வர் பேகம், அவள் பின்னால் முப்பது பேர்.

கூட்ட அறையில் மின்விசிறிகள் தட்தட்டென்று சுற்றின. நீள மேசையின் தலைமாட்டில் சேர்மன் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராஜரத்தினம் நின்றுகொண்டு மனுவை வாசித்துக்கொண்டிருந்தார். "...ஆகவே இத்தண்ணீர் வேண்டாமென மேட்டுப் பொதுமக்கள் அறுபத்திரண்டு பேர் ஒப்பமிட்டுள்ளனர். முதல் ஒப்பம், சம்பூர்ணம்."

"அது என் கையெழுத்துதான்" என்றாள் சம்பூர்ணம், வாசலருகே நின்று. எல்லாத் தலைகளும் திரும்பின. "தப்பாப் போட்டுட்டேன். திருப்பிக் குடுத்துடுங்க."

ராஜரத்தினம் சிரித்தார். "ஒம்பது வருஷம் வேணும்னு கத்துனீங்க. வந்ததும் வேணாம்னீங்க. இப்ப மறுபடி வேணுமா? கவுன்சிலு என்ன உங்கூட்டு ஊஞ்சலாம்மா?"

"எங்களுக்கு ருசி தெரியாமப் போச்சுங்க. நல்ல தண்ணிய நாங்க பாத்ததே இல்ல. அதான் கெட்டுப்போனதுன்னு நெனச்சிட்டோம்." அவள் போய் மேசைமேல் ரெண்டு தட்டையும் வைத்துத் துணியை எடுத்தாள். "இது எங்க பழைய தண்ணி ஒரு கொடத்துல இருந்தது. இது புதுத் தண்ணி ஒரு கொடத்துல இருந்தது. காலையில இருந்து காய்ச்சினேன். மேட்டு ஜனமே பாத்துச்சு."

"கடையில வாங்கினு வந்து கொட்டினா யாருக்குத் தெரியும்?"

"நாக்கு இருக்கறவங்களுக்குத் தெரியும்."

சேர்மன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டுகளைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டிப் பெரிய குவியலிலிருந்து துளி எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. முன்னால் இருந்த டம்ளர்த் தண்ணீரைக் குடித்தார். குடித்துவிட்டு டம்ளரை உற்றுப் பார்த்தார்.

ஒதுக்கீட்டில் ஜெயித்து வந்து மூன்று வருஷமாக வாயே திறக்காத பெண் கவுன்சிலர்கள் ஆறு பேர் ஒரு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி எழுந்து வந்தாள். துளி எடுத்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் ஆண்களும். கோயிலில் விபூதி எடுக்கிற மாதிரி வரிசையாக வந்து, எடுத்து, நாக்கில் வைத்து, போய் உட்கார்ந்தார்கள். சம்பூர்ணம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்பது வருஷத்தில் எத்தனை மனு, எத்தனை கூச்சல். ஒரு பிடி உப்பு இத்தனை பேரை எழுப்பி நடக்க வைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

கடைசியில் ராஜரத்தினம் மட்டும் மிச்சம். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பிரஷர் கீது. டாக்டர் உப்பு கூடாதுன்னுட்டாரு."

முதலில் எழுந்து வந்த பெண் கவுன்சிலர் தலையைத் தூக்கினாள். "அவங்களுக்கு மட்டும் கூடுமா அண்ணே?"

அவர் உட்கார்ந்தார். சேர்மன் அம்மா பொருள் பதினேழின் மேல் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "லைன் இருக்கற எடத்துலயே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். பொருள் பதினெட்டு, தெருவிளக்கு.

கோடு போட்டதை நம்ப மேட்டில் யாரும் தயாராக இல்லை. சனிக்கிழமை ஆறு மணிக்கு முன்பே குடங்கள் வரிசை கட்டிவிட்டன. பாஷா வந்தான், சாவியை விட்டான், திருகினான். காற்று சீறியது. சீறிக்கொண்டே இருந்தது. முனவ்வர் பேகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு தண்ணீர் விழுந்தது.

சம்பூர்ணம் ஒரு கை ஏந்திக் குடித்தாள். நாக்கில் ஒன்றும் படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒன்றுமில்லாததை இன்னொரு கை குடித்தாள். தொண்டைக்குள் அது இறங்குகிற இடமெல்லாம் தெரிந்தது. இப்படித்தான் ஊர் உலகத்தில் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்களா?

உலை வைத்துவிட்டு அண்ணாச்சி கடைக்குப் போய் ஒரு கிலோ உப்பு கேட்டாள். "நீயா? உனக்கா?" என்று அவர் இரண்டு தரம் கேட்டார். பொட்டலத்தோடு வந்து குழம்புச் சட்டிக்கு முன்னால் நின்றாள். நாளெல்லாம் மூட்டை மூட்டையாய் உப்பு உதறுகிற கை, ஒரு சிட்டிகையை எடுத்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது.

"முனவ்வரு" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஒரு சட்டி கொழம்புக்கு எவ்ளோ போடணும்?"

முனவ்வர் பேகம் கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். அவள் கையிலும் ஒரு பொட்டலம் இருந்தது.

"அதக் கேக்கத்தான்கா நான் உங்கூட்டுக்குக் கெளம்பினேன்."